காமிலின் ஜாடி

தேன் ஜாடிக்குள் போகிற கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். காமிலிடம் நான் கேட்டது அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் நக்கிய கரண்டியைத் திரும்ப ஜாடிக்குள் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன், சார்ஜெண்ட்.

நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். இவனுக்குப் படிக்கத் தெரியாதே என்று உங்கள் சரக்கைச் சேர்க்க வேண்டாம்.

போன இலையுதிர் காலத்தில் மலை சரிந்து அவர்கள் வீட்டை இழுத்துக்கொண்டு போனது. என் தங்கை ஆஸியே தன் புருஷன் காமிலோடு என் வீட்டுக்கு வந்தாள். சோளமாவும் பாலாடைக்கட்டியும் வெண்ணெயில் கிண்டி, வாணலியோடு நடுவில் வைப்பாள். மூன்று பேரும் அதிலேயே தோய்த்துத் தின்போம். காமில் ரொட்டியைத் தோய்த்து, பாதி கடித்து, மீதியைத் திரும்பத் தோய்ப்பான். தேனடையை மென்று மெழுகை என் பக்கம் துப்பி வைப்பான். சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, பல் தடத்தோடு. பொய்ப்பல்லைக் கழற்றித் தேநீரில் அலசுவான். அந்தத் தேநீரையே குடிப்பான். ஒன்பது மாதம் இதைப் பார்த்தேன்.

"மாப்ளே, உனக்குத் தனித்தட்டு வைக்கச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"ஏன் மச்சான், எனக்கென்ன சொறியா பிடிச்சிருக்கு?" மீசையில் தேன் வழியச் சிரித்தான்.

ஆஸியேவும் சிரித்தாள். "அண்ணனுக்குக் கல்யாணமே ஆகாதது இதனாலதான். எவகூட ஒரே வாணலில கை வைப்பாரு?"

பாவம், அவனுக்குப் பயந்து சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வசந்தத்தில் எங்கள் சரிவெல்லாம் ஊதாப்பூப் புதர். அந்தப் பூவின் தேனைத் தனியாக எடுத்து வைப்போம். பைத்தியத் தேன் என்போம். வெறும் வயிற்றில் சின்னக் கரண்டி ஒன்று மருந்து, ஆம்பளைக்குத் தெம்பு என்பார்கள். கூடிப்போனால் கண் இருட்டும், வாந்தி வரும், கால் மடங்கும். தேன் பிடித்தவனைப் பார்த்து இங்கே யாரும் பதறுவதில்லை, சிரிப்பார்கள். காலை உயரத் தூக்கி வைத்து உப்பு மோர் கொடுப்பார்கள். சாயங்காலம் எழுந்து உட்காருவான். ஒரு வருஷம் கேலி கேட்பான்.

குளிர்காலத்தில் அவனை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். "அந்தத் தேனை நாக்கிலகூட வெச்சிடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா நெஞ்சு நின்னுடும்" என்றார். டாக்டர்கள் சொல்வதில் பாதியை நான் நம்பமாட்டேன். இதை நம்பினேன். கூட வந்த ஆஸியே அப்போது மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்றான் காமில். சரி என்றேன். சொல்லவில்லை.

கஷ்கொட்டை மரத்துப் பூத்தேனும் பைத்தியத் தேன் மாதிரியே கருப்பு, கசப்பு, தொண்டையை அறுக்கும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு புது ஜாடியில் ஊற்றினேன். தேயிலை பறிக்கும் நாள் அது. பக்கத்து வீட்டு இத்ரிஸும் அவன் மனைவியும் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் வைத்தேன்.

"கஷ்கொட்டைத் தேன், மாப்ளே. உனக்கே உனக்கு. இனிமே எப்படி வேணும்னாலும் தின்னு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டான். ஈரம் ஒட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் துடைக்கவில்லை.

ஏழு பெரிய கரண்டி தின்றான். அரைமணி நேரத்தில் வேர்த்தது. வாணலியிலேயே வாந்தி எடுத்தான்.

"தேன் பிடிச்சிருச்சுடோய்!" என்று இத்ரிஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். "கஷ்கொட்டையில பைத்தியமும் கலந்துடுச்சு போல. கரடிகூட இப்படித் திங்காது!"

"ராத்திரிக்குத் தெம்பு வேணும்னு ஒரு ஜாடியையே காலி பண்றாரு போல" என்றாள் அவன் மனைவி. ஆஸியே முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே மோர் கலக்க ஓடினாள்.

காமில் என்னை மட்டும் பார்த்தான். "மச்சான்... மாத்திரை... சொல்லு..."

"மாத்திரை எங்கயும் போயிடாது, படு" என்றேன்.

மோர் இறங்கவில்லை. ஆஸியே சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணே, உதடு நீலமா இருக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டுமா?"

"தேன் பிடிச்சவனுக்கு ஆம்புலன்ஸா? பள்ளத்தாக்கு முழுக்கச் சிரிக்கும்."

இத்ரிஸ் சிரித்தான். ஆஸியே வெட்கப்பட்டுக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

காமிலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு நாற்பது. பிறகு முப்பத்தொன்று. பிசுபிசுப்பான கை. நண்பகல் தொழுகை அழைப்புக்கு முன்னால் எண்ண ஒன்றும் இல்லாமல் போனது. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பயமுறுத்தத்தான் கொடுத்திருப்பேன் என்று எழுத வழி காட்டுகிறீர்கள். டாக்டர் உங்களிடம் வாய் திறந்த பிறகும் இந்தக் கிழவன்மேல் இரக்கமா? வேண்டாம். சாகத்தான் கொடுத்தேன். என் தங்கை ஒரு மிருகத்தோடு வாழ்ந்தாள், அவளை விடுவித்தேன்.

அவளுக்குத்தான் அது இன்னும் விளங்கவில்லை. நாற்பது நாளாகச் சாப்பிட உட்கார்ந்ததும் அழுகிறாள். மூக்கு ஒழுகுகிறது. புறங்கையால் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து எனக்கு நீட்டுகிறாள். வாயில் வைத்தால் குமட்டுகிறது. அவளுக்கும் நெஞ்சு அத்தனை பலமில்லை, சார்ஜெண்ட். போன வாரம் விசாரித்து வைத்தேன்.