காபிக் குவளைக்குள் பார்க்காதீர்கள்

படிப்பு முடித்த செவிலியரின் சட்டையில் கல்லூரிச் சின்னம் குத்தும் இந்த விழாவுக்குத் தலைமையேற்று, என்னைப் பத்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, உருளைக்கிழங்கு விதைப்பைப் பாதியில் விட்டு மண் படிந்த காலணியோடு வந்திருக்கும் தந்தையரே, வெள்ளைச் சீருடைகளைச் சுருக்கமின்றித் தேய்த்துக் கொடுத்த தாய்மாரே, முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் புதிய செவிலியரே, கடைசி நாற்காலித் தம்பி, நீங்களும் நிமிருங்கள், உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செவிலியரின் கருணையைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் உண்டு. கருணையால் கடன் அடையுமா என்று பேச எவர் உண்டு? கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்: உடலைப் பற்றிப் பேசாதே, சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, கடனைப் பற்றிப் பேசவே பேசாதே. அறுவை அரங்கில் நுழைந்த முதல் வாரத்திலேயே முதல் தடை உடைந்துபோயிற்று. மற்ற இரண்டையும் இந்த மேடையில் உடைக்கப் போகிறேன். முதல்வர் புன்னகைக்கிறார். சற்று நடுக்கத்தோடுதான்.

முன்வரிசையில் மூன்றாவதாக இருப்பவர் மோனிக் டேகல். முதியோர் இல்லத்தில் ஒன்பது ஆண்டு உதவியாளராக உழைத்தவர். கணவர் ரெஜிஸ் நம் ஊரின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறார். மூன்றாண்டுக்கு முன் மோனிக் செவிலியராக முடிவு செய்தபோது எதிரே இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று, நகரத்தில் ஐவிக் கொடி படர்ந்த தனியார் கல்லூரி. உடனே இடம், நான்காண்டுப் படிப்பு, தொண்ணூறாயிரம் டாலர் கடன். அதற்கு ஈடாகத் தன் நிலத்தையே வைக்க ரெஜிஸின் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். மற்றொன்று, ஹாக்கி அரங்கின் பின்னால் கொடியும் இல்லாமல் கோபுரமும் இல்லாமல் நிற்கும் இந்தச் சமுதாயக் கல்லூரி. இரண்டே ஆண்டு, சொற்பக் கட்டணம். ஆனால் இடத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். நகரக் கல்லூரிதான் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

புதன்கிழமை மோனிக் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தட்டு நிறைய நம் ஊர்ப் பிளோய் அடை சுட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனை ஓய்வறைக்குள் நுழைந்தாள். ஓய்வு பெற்ற நர்ஸான நான் நோயாளிகளுக்குச் செய்தித்தாள் வாசிக்கப் புதன்தோறும் அங்கே போவேன். அதனால் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

தட்டை நோக்கி முதலில் கை நீட்டியவர் நர்ஸ் தெரேசா. மோனிக் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

“இருங்க அக்கா. ஒரு அடைக்கு ஒரு பதில். எங்க படிச்சீங்க, மணிக்கு எவ்வளவு வாங்குறீங்க, கடன் எவ்வளவு பாக்கி?”

“இது மூணு கேள்விடி.”

“அப்ப வெண்ணெயும் சேர்த்துத் தர்றேன்.”

ஒவ்வொருவரும் தம் காபிக் குவளைக்குள் எதையோ தொலைத்தவர்போல் பார்த்தார்கள்.

“என்ன அக்கா இது? வாயில அடையை வச்சுக்கிட்டே சீழ் என்ன நிறம்னு பேசுறவங்கதானே நீங்க? கடன்னா மட்டும் குமட்டுதா?”

நகரக் கல்லூரியின் தங்கச் சின்னத்தை ஒருநாளும் கழற்றாத பொறுப்பு நர்ஸ் கயெத்தான் குவளையைக் கீழே வைத்தார். அவரைச் செல்வச் சீமாட்டி என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

“நான் சொல்றேன். மணிக்கு முப்பத்தொன்பது டாலர். பதினோரு வருஷமாக் கட்டுறேன். இன்னும் அறுபதாயிரம் இருக்கு.”

தெரேசா மெல்லச் சொன்னார்: “எனக்கு முப்பத்தெட்டு அக்கா. நான் ஹாக்கி அரங்குக்குப் பின்னாடிதான் படிச்சேன். ரெண்டாவது குளிர்காலத்தோட கடன் முடிஞ்சுது.”

“அப்ப நீங்க பனியில ஓட்டுற அந்தப் புது ஸ்னோமொபைல்?” என்று மோனிக் கேட்டாள்.

“அது மூணாவது குளிர்காலம்.”

“எனக்கு அதிகமா வர்ற அந்த ஒரு டாலரும் இந்தச் சாவிக்கொத்தைச் சுமக்குறதுக்குத்தான்டி” என்றார் கயெத்தான். அறையே சிரித்தது.

“நோயாளிங்க எந்தக் காலேஜுன்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள் மோனிக்.

“ஊசி வலிக்குமான்னுதான் கேப்பாங்க” என்று கயெத்தானே பதில் சொன்னார்.

அன்பர்களே, தராசுக்குத் தட்டு இரண்டு. பெரிய நகரத்து மருத்துவமனைகள் சில நான்காண்டுப் பட்டத்தையே கேட்கின்றன. காத்திருக்கும் ஓராண்டில் நர்ஸ் சம்பளம் வராது. எல்லாவற்றிலும் கொடியது, பாதியில் படிப்பை விட்டவரின் நிலை: பட்டம் வராது, சம்பளம் வராது, கடன் மட்டும் தவறாமல் வரும். இதையெல்லாம் சொல்லாத கணக்கு கணக்கல்ல, விளம்பரம். ஆனால் உரிமத் தேர்வு இரு கல்லூரிக்கும் ஒன்று. வார்டு ஒன்று. வியர்வையும் ஒன்று. கடன் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

அன்று இன்னொன்றும் நடந்தது. தெரேசா கேட்டார்: “ஏன் அக்கா, கடன் கட்ட ஆஸ்பத்திரியே உதவுதே, நீங்க எழுதிக் கேக்கலையா?”

“யாரும் சொல்லலையே.”

“உங்களுக்குக் கடன் இருக்குன்னே யாருக்கும் தெரியாதே.”

மௌனத்துக்கு இத்தனை வட்டியா? கயெத்தான் மறுநாளே விண்ணப்பித்தார். உதவி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மோனிக் மாமனாரிடம் போனாள். “மாமா, நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ஒரு வருஷம் காத்திருக்கேன்.”

பெரியவருக்கு வருத்தம். “மருமக ஐவி படர்ந்த காலேஜ்ல படிக்கிறான்னு முடிவெட்டுற கடையில சொல்லலாம்னு இருந்தேனே.”

“ஐவிதானே வேணும்? நம்ம கொட்டகையில ஏத்தி விடுறேன் மாமா.”

ஏற்றிவிட்டாள். வளர்ந்துவிட்டது. காத்திருந்த ஆண்டில் உடற்கூறியலையும் வேதியியலையும் மாலை வகுப்பில் முடித்தாள். அந்த நிலத்தில் இன்று விதைப்பு நடக்கிறது. அதோ, பெரியவர் கை உயர்த்துகிறார். ஆம் ஐயா, கொடி அழகாகத்தான் இருக்கிறது. கொட்டகைக் கூரையைத்தான் கவனியுங்கள்.

புதிய செவிலியரே, நாளை உங்கள் ஓய்வறைக்கும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வருவாள். அவள் கையில் அடை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்கே படித்தீர்கள், என்ன சம்பளம், என்ன கடன் என்று கேட்பாள். அப்போது குவளைக்குள் பார்க்காதீர்கள். அவள் கண்ணைப் பாருங்கள். தொகையைச் சொல்லுங்கள். பட்ட கடனைச் சொல்லுங்கள், பெற்ற பலனைச் சொல்லுங்கள், படிப்பைப் பாதியில் விட்டவர் பட்ட பாட்டையும் சொல்லுங்கள். சீழ் கட்டிய புண்ணைத் திறக்காமல் மூடி வைத்தால் ஆறாது என்று பாடம் படித்தவர்கள், கடனை மட்டும் மூடி வைப்பது தகுமா?

பின்வரிசையில் ரெஜிஸ் ஏதோ கேட்கிறார். அடை உண்டா என்றா? உண்டு தம்பி. வாயில் அருகே மேசையில் மோனிக் சுட்டு வைத்திருக்கிறாள். விலை தெரியும் அல்லவா? மூன்று பதில்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், குழந்தைகளை அமர்த்திய தாய்மாருக்கும், கடிகாரத்தை ஒரே ஒரு முறை பார்த்த முதல்வருக்கும் என் நன்றி. இந்தக் கல்லூரியின் சின்னத்தைத் தன் சட்டையில் குத்திவிட மோனிக் தேர்ந்தெடுத்தவர் இங்கே இருக்கிறார். மேடைக்கு வாருங்கள், கயெத்தான். ஊசி வலிக்குமா என்று மோனிக் கேட்கிறாள்.

அனைவருக்கும் வணக்கம்.