லட்டுவுக்கு ஒரு பை கீரை

— அதுக்குன்னு நெய்யவா தடவுவ? புல்லு புள்ள அது. பரோட்டா இல்ல.

— ஒரு சொட்டுதான் மச்சான். வாசத்துக்காவது வாய வைக்குமான்னு பாத்தேன். அல்லாவே, மூக்க மூக்க ஆட்டுச்சு, அப்புறம் முதுகக் காட்டி உக்காந்துக்கிருச்சு. என்ன ரோசம் பாருங்க அதுக்கு!

— முயலுக்கு நெய்யி! வெளிய தெரிஞ்சா இந்த ஃபர்வானியா ஊரே சிரிக்கும். பக்காலா மளிகைக்கடை மீரா சாகிப் பொண்டாட்டி முயலுக்கு நெய்ப்புல்லு ஊட்டுறான்னு.

— சிரிக்கட்டும். நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க? வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயி மூணு தினுசுல காஞ்ச புல்லு வாங்கியாந்தீங்க. மூணையும் மோந்து பாத்துட்டு மூணு மேலயும் மூத்திரம் பேஞ்சிருச்சு.

— அந்த ஆளு சத்தியம் பண்ணிக் குடுத்தான் புள்ள. குதிரையே இந்தப் புல்லுக்கு அழுவும்னான்.

— இது குதிரையில்ல. நவாபு.

— டிஷ்யூ ரோல் அட்டைக் குழாய்க்குள்ள சொருவி வச்சா வெளையாட்டுப் போல திங்கும்னு யூடியூப்ல பாத்தேன்னியே. அது என்னாச்சு?

— குழாயத் தின்னுட்டு புல்ல விட்டுருச்சு.

— கலாஸ். முடிஞ்சுது போ.

— இஞ்ச பாருங்க, இது சிரிக்கிற காரியமில்ல. காலையில கூண்டக் கூட்டினேன். வந்த புதுசுல புழுக்கை கொண்டக்கடலை கணக்கா உருண்டையா கெடக்கும். இப்ப மொளகாட்டம் இருக்கு. மிருக ஆஸ்பத்திரி மிஸ்ரி டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா? காஞ்ச புல்லு திங்கலன்னா குடலு நின்னு போயிரும், பல்லு வளந்து வாயக் குத்தும்னாரு.

— மருந்து குடுங்க டாக்டர்னேன். அதுக்கு மருந்தே புல்லுதான்னுட்டாரு. திங்காததுக்கு மருந்து கேட்டா திங்குறதே மருந்துங்குறாரு. நான் எங்க போயி முட்டிக்கிறது?

— கீரையக் கொறைங்கன்னும் சொன்னாரு.

— சொன்னாரு, சொன்னாரு. கொறச்சா அது பட்டினியில்ல கெடக்கும்? பழகின வாயி புள்ள. எதுத்த வீட்டுல தெனம் தின்னத நம்ம வீட்டுல இல்லைங்கவா? நம்மகிட்ட அடைக்கலமா வந்த சீவன் அது.

— நம்ம மக நஜீஹாவுக்குக் கூட நான் இப்படி ஊட்டி விட்டதில்ல. நேத்து தரையில சம்மணம் போட்டு உக்காந்து, ஒவ்வொரு புல்லா எடுத்து, "சாப்புடு தங்கம், சாப்புடு ராசா"ன்னு கெஞ்சுறேன். அது என்னையவே பாக்குது. எனக்கு அழுவ வந்துருச்சு மச்சான்.

— சரி, விடு. அழுவாத.

— எப்படி விடுறது? அந்தப் புள்ள மிருதுளா ஏர்போர்ட்டுக்குக் கெளம்பையில கூண்டத் தூக்கி என் கையில குடுத்துட்டு என்ன சொல்லுச்சு? "ஆன்ட்டி, லட்டு செத்துப் போச்சுன்னா எங்கிட்ட சொல்லிரணும், பொய் சொல்லக் கூடாது"ன்னுச்சு. ரெண்டாம்ப்பு படிக்கிற புள்ள. கண்ணுல தண்ணி இல்ல, ஒண்ணுமில்ல. பெரிய மனுசி மாதிரி சொல்லிட்டு லிஃப்டுல ஏறிருச்சு.

— இப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஃபோன்ல நாம சொல்றதெல்லாம் பொய்தான். "நல்லா திங்குதும்மா, குண்டாயிருச்சும்மா."

— வேற என்னத்தச் சொல்ல? இன்னைக்கும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சுது, இப்பக் கூப்பிடும்.

— இதெல்லாம் அந்தப் புள்ளயோட அம்மா அகிலா குடுத்த செல்லம். முயல வாய்க்கு ருசியா வளத்து விட்டுருச்சு. தெனம் பொழுது சாயையில, மக்ரிபுக்கு முன்னால கடைக்கு வந்து நிக்கும். "பாய், முயலுக்கு எதாச்சும் கீரை இருக்கா?" நானும் முள்ளங்கித் தழை, கோஸு மேல்பட்டை, வாடின மல்லின்னு ஒரு பை கட்டிக் குடுப்பேன். "கொஞ்சம் நல்லதாப் பாத்துப் போடுங்க பாய், ரொம்ப வாடினத அது திங்காது"ங்கும்.

— நீங்களும் போட்டுக் குடுத்தீகளாக்கும்.

— அட, கழிக்கிற கீரைதானே. ஒரு நா அடிபட்ட உருளைக்கெழங்கையும் கேட்டுச்சு. "ஏம்மா, உங்க முயலு சாம்பாரா வைக்குது?"ன்னு கேட்டுப்புட்டேன். கடையில நின்னவனெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான். அதும் சிரிச்சிக்கிட்டேதான் பைய வாங்கிட்டுப் போச்சு.

— அந்தம்மா பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க.

— இன்னும் அந்தக் கோவம் போகலையா உனக்கு?

— எப்படிப் போகும்? எதுத்தாப்புல கதவு. எத்தன வருசப் பழக்கம். நம்ம வீட்டுல ஆணம் காய்ச்சினா ஒரு கிண்ணம் அங்க போகும். அது ஒரு தடவ கூட வெறுங்கிண்ணமாத் திருப்பினதில்ல. முறுக்கு வரும், சுண்டல் வரும், ஒண்ணுமில்லன்னா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தரும். அவ்வளவு மரியாதை தெரிஞ்சது. இந்த நோன்புல என்ன பண்ணுச்சு? கஞ்சிய எடுத்துக்கிட்டுப் போயி நிக்கிறேன். கதவ அரைவாசி தொறந்து, "வேணாங்க்கா, இனிமே எதுவும் கொண்டு வராதீங்க"ன்னு சொல்லிட்டு மூடிருச்சு. சுடச் சுடக் கிண்ணத்தோட அப்படியே திரும்பி வந்தேன்.

— வயிறு கியிறு சரியில்லையோ என்னமோ.

— நோன்பு முப்பதுமா வயிறு சரியில்ல? மேல் வீட்டு சித்தி மரியம் சொல்லுச்சு, அவுக இப்ப நம்ம வீட்டுச் சோத்தத் திங்குறதில்லன்னு. எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. அன்னைக்கு நிப்பாட்டினேன். அவுக ஊருக்குப் போற வரைக்கும் ஒரு பருக்கை அனுப்பல.

— சித்தி மரியம் வாய்க்கு எந்தக் கடையில பூட்டு விக்கிது? அது சொல்லுறதையெல்லாம் நம்புவியா நீ?

— அப்ப நீங்க சொல்லுங்க, ஏன் வேணாம்னுச்சு?

— எனக்கென்ன தெரியும். அவுக ஒரு மாதிரி அழுத்தமாத்தான் இருந்தாக. அகிலா புருசன் விஜயபாஸ்கர் மட்டும் என்ன? தெனம் காலையில டை கட்டிக்கிட்டு, பைய மாட்டிக்கிட்டு, கடையத் தாண்டிப் போகையில ஒரு கும்புடு போடுவாரு. கம்பெனி மூடி எத்தனையோ மாசம் ஆச்சுங்குறதே கெளம்புற அன்னைக்குத்தான் தெரியும். "பாய், எக்ஸிட் அடிச்சாச்சு, விசா முடிச்சு ஊருக்கே போறோம்"ன்னாரு. அவ்வளவுதான்.

— இந்தா, ஃபோன் அடிக்குது. அந்தப் புள்ளதான்.

— எடு, எடு. இஞ்ச பாரு ஷம்சியா, இன்னைக்குப் பொய் வேணாம். அந்தப் புள்ளகிட்டயே கேப்போம், எப்படிப் புல்லு திங்க வச்சேன்னு.

— அல்லாவே, பயமா இருக்கு. நீங்களே கேளுங்க... ஹலோ! கண்ணு, எப்படிடா இருக்க?

— ஹாய் ஆன்ட்டி! லட்டு எங்க? கேமராவத் திருப்புங்க.

— இந்தா பாரு, உன் லட்டு. அம்மா எங்கடா?

— அம்மா மாடில துணி காயப்போடறாங்க. இது மாமா ஃபோன். ஆன்ட்டி, லட்டு ஏன் காத அப்படி வெச்சிருக்கு? டல்லா இருக்கே.

— மிருதுளா, பாய் அங்கிள் பேசுறேன்மா. உங்கிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். லட்டு காஞ்ச புல்லத் திங்க மாட்டேங்குது. நாங்களும் என்னென்னமோ பண்ணிட்டோம். நீ எப்படிம்மா திங்க வச்ச?

— வாட்? லட்டுவா? அதுக்குப் புல்லுன்னா உயிராச்சே அங்கிள்! நான் மூட்டையத் தொறந்தாலே ரூம் ஃபுல்லா ஓடும்.

— எந்த மூட்டைம்மா?

— அப்பா ஃப்ரெண்டு அழகுமலை அங்கிள் இருக்காங்கல்ல, குதிரை லாயத்துல டியூட்டி பாக்கறாங்க. அவங்க சும்மாவே கொண்டுவந்து குடுப்பாங்க. அது மட்டுந்தான் லட்டு சாப்பிடும். நீங்க வேற எதாச்சும் குடுக்கறீங்களா?

— கீரை மட்டுந்தாம்மா. உங்க வீட்டுல குடுத்த மாதிரியே, ஒரு நா தவறாம.

— கீரையா? அய்யோ அங்கிள், அதான்! கீரை குடுத்தா அது எப்படிப் புல்லு சாப்பிடும்? நாங்க அதுக்குக் கீரையே குடுத்ததில்லையே.

— என்னம்மா சொல்ற? உங்கம்மா தெனம் கடைக்கு வந்து முயலுக்குன்னு வாங்கிட்டுப் போவாங்களே.

— அது வந்து... அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க.

— பரவால்ல கண்ணு. ஆன்ட்டிகிட்ட சொல்லு.

— அது எங்களுக்கு ஆன்ட்டி. அம்மா பொடியா நறுக்கிப் பொரியல் பண்ணுவாங்க. நைட்டுக்கு அதுதான். அப்பாவுக்கு ஆபீஸ் இல்லாம போச்சுல்ல, அப்போ. உருளைக்கிழங்கு வந்த அன்னிக்கு மட்டும் சாம்பார் வெச்சாங்க. லட்டுவுக்குத்தான் எப்பவும் வயிறு ஃபுல்.

— யா அல்லா.

— மச்சான், உக்காருங்க. இந்தாங்க, தண்ணி.

— சாம்பாரா வைக்குதுன்னு கேட்டேனே புள்ள. அத்தன பேருக்கு முன்னால கேட்டேனே.

— அங்கிள்? கேக்குதா? லட்டு செத்துருமா?

— இல்லம்மா. இல்ல. சாவாது. நான் விட மாட்டேன். நீ சொல்லு, என்ன பண்ணணும்?

— கீரையை நிப்பாட்டிருங்க. ஒரே நாள்ல வேணாம், கொஞ்சம் கொஞ்சமா. புல்ல அது உச்சா போற எடத்துலயே வைங்க. அங்க உக்காந்துக்கிட்டுத்தான் சாப்பிடும். நீங்க பக்கத்துல தரையில படுத்துக்கோங்க. ஆனா அதையே பாத்துட்டு இருக்கக் கூடாது. யாராச்சும் பாத்தா அதுக்குக் கூச்சம்.

— சரிம்மா. படுத்துக்கிறேன். பாக்க மாட்டேன்.

— கண்ணு, ஆன்ட்டியும் ஒண்ணு கேக்கட்டா? நோன்புல நான் கஞ்சி எடுத்துட்டு வந்தேன்ல, அம்மா ஏன்டா வேணாம்னாங்க? எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கலையா?

— அய்யோ, எனக்கு ரொம்பப் பிடிக்குமே! கஞ்சி வாசம் வந்தாலே நான் கதவுகிட்டப் போயி நின்னுக்குவேன். ஆனா உங்க கிண்ணத்துல போட்டுத் திருப்பித் தர்றதுக்கு எங்க வீட்ல அப்போ சக்கரை கூட இல்ல ஆன்ட்டி.