உள் கைப்பிடி

காளான் பண்ணை வைக்க யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் பாய்லரைத்தான் முதலில் தட்டிப் பார்க்கிறார்கள். நான் கதவைப் பார்க்கச் சொல்வேன். வைக்கோலை வேகவைக்கிற அறைக்குக் கதவு சரியாக அமையாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆவி கசிந்தால் வைக்கோல் வேகாது. வேகாத வைக்கோலில் பச்சைப் பூசணம் பிடிக்கும், காளான் வளர்கிற ஒரு பையில் பிடித்தால் கொட்டகை முழுக்கப் பரவிவிடும். நீங்களும் மிஷினைப் பற்றி விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள், அதனால் கதவிலிருந்தே தொடங்குகிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

என் பெயர் தியாகராசன் என்பதும், என் பண்ணையில் நாலு வருஷத்துக்கு முன்னால் காத்தான் என்ற தொழிலாளி ஆவி அறைக்குள் இறந்துபோனான் என்பதும் உங்கள் ஃபைலில் இருக்கும். விபத்து என்று முடித்துவிட்டார்கள். அவன் மகள் அம்சம் மறுபடி மனு போட்டதால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன்.

எங்கள் அப்பா காலத்தில் நீடாமங்கலத்திலிருந்து வரும்போது ரயில் பாதையின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் நிலம்தான். நில உச்சவரம்பு வந்தது, கூலிக்காரர்கள் கொடி பிடித்தார்கள், குத்தகைப் பதிவு வந்தது, கடைசியில் என் கைக்கு வந்தபோது பதினோரு ஏக்கர் மிச்சம். அப்பா யாரையாவது திட்டிக்கொண்டே செத்தார். நான் அப்படி இல்லை. காலம் மாறினால் நாமும் மாறிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் சிப்பிக் காளானுக்கு வந்தேன். மழை பொய்த்த வருஷத்திலும் யாரிடமாவது வைக்கோல் இருக்கும்.

காத்தான் என் வயதுக்காரன். அவன் அப்பா கண்ணுசாமி எங்களிடம் பண்ணையாளாக இருந்தவர். பிறகு எங்கள் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் மட்டும் குத்தகைக்குச் செய்து, சட்டம் வந்ததும் தாலுகா ஆபீசில் போய்க் குத்தகையைத் தன் பெயரில் பதிந்துகொண்டார், அதன் பின் அவரை எங்களால் வெளியேற்ற முடியாது. அதற்குப் பிறகு அப்பா அவரோடு பேசவில்லை. நான் பேசினேன். காளான் தொடங்கியபோது முதல் ஆளாகக் காத்தானைத்தான் கூப்பிட்டேன், அவனும் மறுக்காமல் வந்தான்.

முதல் இரண்டு வருஷம் ட்ரம்மில் வைக்கோலை வேகவைத்தோம். வெந்த வைக்கோலைக் காத்தான் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பான். சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அவன் சரி என்று சொன்ன வைக்கோலில் காளான் வித்து தூவி ஒரு பைகூடக் கெட்டதில்லை. பின்னால் ஈரம் பார்க்கும் கருவி வாங்கினேன். அது ஒன்று சொல்லும், அவன் கை ஒன்று சொல்லும், பெரும்பாலும் கைதான் சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

தானியங்கி ஆவி அறை வேண்டும் என்று முடிவு செய்ததும் கூத்தாநல்லூர் முகம்மது யூசுப்பைக் கூப்பிட்டேன். ஷார்ஜாவில் பழம் வைக்கும் குளிர் அறைகளைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர், இப்படிப்பட்ட மிஷின்களுக்கு ஏஜென்ட். படங்களைப் பரப்பிவைத்தார். என்னிடம் இருந்த இரண்டு கொட்டகைக்குச் சின்ன அறையே தாராளம் என்றார். தஞ்சாவூரில் விவசாயம் படித்துவிட்டு விதைப் பண்ணையில் வேலை பார்த்த அம்சமும், லீவில் வந்திருந்தபோது அந்தப் படங்களைப் பார்த்து அதையேதான் சொன்னாள். நான் ஆறு கொட்டகைக்கு ஆகிற பெரிய அறையை எடுத்தேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. இல்லாத பண்ணைக்கு மிஷின் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு அதற்கேற்ற பண்ணையைத் தேட வேண்டியதாகிவிட்டது.

அந்த அறையின் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் திறக்க உள்பக்கம் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. மாட்டிய அன்றைக்கு யூசுப் உள்ளே போய், என்னைக் கதவைச் சாத்தச் சொல்லி, தானே திறந்துகொண்டு வந்து காட்டினார். "ஷார்ஜால ஒருத்தன் குளிர் ரூம்ல மாட்டிக்கிட்டான் சார். அதப் பாத்ததுலேர்ந்து இந்தக் கைப்பிடி இல்லாத ரூம நான் யாருக்கும் குடுக்கறதில்ல" என்றார். நல்ல மனுஷன். இன்னொரு ஏற்பாடும் செய்தார். உள்ளே போகிறவர்கள் வெளியே பலகையில் தங்கள் பெயர் எழுதிய தகட்டைத் திருப்பிவைக்க வேண்டும். எங்கள் பெண்கள் இரண்டு நாள் திருப்பினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பூசணம் ஒட்டி வரும் என்பதால் எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் செருப்பை எண்ணினால் போதும் என்று வழக்கமாகிவிட்டது. வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. ஆவி விடுகிற பச்சைப் பொத்தானை அழுத்தலாம்.

காத்தான் செருப்பு அந்த வாசலில் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் தெருவுக்குள் அவன் தெரு ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அவன் வாய்க்கால் மதகண்டையே கழற்றி வைத்துவிட்டு, முள்ளோ சேறோ, வெறுங்காலோடுதான் வருவான். அம்சம் அவனை எவ்வளவோ ஏசியிருக்கிறாள். "கால் தானா நின்னுடுது, நான் என்ன பண்ணட்டும்" என்று சிரிப்பான். நான் அவனைக் கழற்றச் சொன்னதில்லை. போட்டுக்கொண்டு வா என்றும் சொன்னதில்லை.

மிஷின் ஓடத் தொடங்கியதும் மற்ற நாலு கொட்டகைக்கு இடம் தேவைப்பட்டது. என் நிலம் முழுக்கப் பள்ளம், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மேடு என்று இருந்தது காத்தானின் மூன்று மா மட்டும்தான். அதற்குப் பதில் ஐந்து மா தருகிறேன் என்றேன். ஆடியில் கேட்டேன், ஆவணியில் கேட்டேன், புரட்டாசியிலும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னான். "எங்கப்பா பேரு எழுதுன மண்ணுங்கய்யா. அம்சத்துக்கு விட்டுட்டுப் போகணும். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க." குரலை உயர்த்தியிருந்தால் எனக்கும் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவன் உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு வைக்கோல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு ஏக்கருக்காக என் மிஷின் பாதி வயிற்றோடு ஓடிக்கொண்டிருந்ததைத் தினமும் பார்த்தேன். அப்பா அந்தக் குத்தகையை எப்படிப் பார்த்தாரோ அப்படி நானும் பார்க்கத் தொடங்கினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

ஐப்பசியில் உள் கைப்பிடி ஓரமாக ஆவி கசிந்தது. கசிந்தது உண்மை. புது ரப்பர் வளையம் போட்டால் நின்றிருக்கும். மன்னார்குடியிலிருந்து வெல்டர் ஒருவரை வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணையில் ஆள் இல்லாத நேரத்தில், கைப்பிடியை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். யூசுப்பைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவர் வேறு கைப்பிடி கொண்டுவந்து மாட்டியிருப்பார்.

கார்த்திகை மூன்றாம் வாரம் ஊராட்சி அலுவலகத்தில் இலவச கலர் டிவி கொடுத்தார்கள். பெண்கள் எல்லாரும் காலையிலேயே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காத்தான் மட்டும் வேலைக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பதினோரு மணி இருக்கும். போலீசில் நான் சொன்னது இதுதான்: மூட்டை அடுக்கி முடிந்திருந்தது, வாசலில் செருப்பு இல்லை, கதவைச் சாத்தினேன், பச்சைப் பொத்தானை அழுத்தினேன், வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்குப் பெண்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இதில் செருப்பு இல்லை என்பது சத்தியம். பெண்களும் அப்படியே சாட்சி சொன்னார்கள். ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

யூசுப் வந்து கதவைப் பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்துத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. நீங்கள் அவரிடமும் விசாரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் அழுதேன். அது நடிப்பில்லை. அவனோடு வாய்க்காலில் கெண்டை பிடித்தவன் நான், அறுபது வருஷத்துப் பழக்கம். எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு இழவுக்குப் போன முதல் ஆள் நான்தான். சுடுகாடு வரைக்கும் நடந்தேன். ஊரில் அதைப் பெருமையாகப் பேசினார்கள். இன்றைக்கும் கொட்டகைக்குள் போனால் வெந்த வைக்கோல் வாடை பட்டதும் வெளியே வந்துவிடுகிறேன். வைக்கோலைப் பிழிந்து பார்க்க ஆள் இல்லை, பை பையாகக் கெட்டுப்போகிறது. ஒரு நாள்கூட அவன் இல்லையே என்று நினைக்காமல் இருந்ததில்லை.

நிலமும் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அம்சம் தாலுகா ஆபீசுக்குப் போய்க் குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது அவளே சாகுபடி செய்கிறாள். நான் வரப்பில் நின்றால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

போன மாதம் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். எங்கப்பா உள்ளேர்ந்து கூப்பிட்டாரா?" என்றாள். நாலு வருஷமாகத் தூக்கம் இல்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இல்லை அம்சம், நான் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டேன் என்றேன். எழுந்து போனாள். மறுநாள்தான் மனு போட்டாள்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரிசை மூட்டையில் ஈரம் எப்படி இருக்கிறது, ஒரு தடவை பிழிந்து பார்த்துவிட்டு வா காத்தா என்று நான்தான் அவனை உள்ளே அனுப்பினேன். அவன் கடைசி வரிசைக்குப் போகிற வரைக்கும் காத்திருந்து கதவைச் சாத்தினேன். பொத்தானை அழுத்தினேன். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆவியை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதன் பக்கத்திலேயே நின்றேன்.

கூப்பிட்டான். முதலில் கதவைத் தட்டினான், வீட்டு வாசலில் வந்து தட்டுகிற மாதிரி மெதுவாக. பிறகு, "ஐயா, காத்தான் உள்ள இருக்கேங்கய்யா, பாக்காம சாத்திட்டீங்க" என்றான். ஆவி ஏற ஏற அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கத்தினான்தான், ஆனால் அதே வார்த்தைகளைத்தான் கத்தினான். எனக்குத் தெரியாது என்றே கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான். என் மேல் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாங்கள் அந்த மாதிரிப் பழகியிருந்தோம். அம்சத்திடம் எப்போதாவது சொல்ல வாய்த்தால் அதை மட்டுமாவது சொல்லுங்கள், அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.