கூட்டச் சொன்னது அவன்தான்

இரண்டு மாடி வீட்டில் கோடையில் ஏசியைக் கீழே இருபத்தாறு, மேலே இருபத்துநாலு வைப்பது நல்லது. சூடு மேலே ஏறும் என்பதால் இந்த இரண்டு டிகிரி வித்தியாசம். பத்தொன்பது வருடம் ஏசி வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஐயா. உங்கள் வீட்டிலும் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மேலே அண்ணனும் அண்ணியும், கீழே நான். மேல் மாடிக்கான தெர்மோஸ்டாட் மேலேதான் இருக்க வேண்டும். அது தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைத்தான் அளக்கும். அண்ணன் கேட்கவில்லை. "நீ கீழ சும்மாதானே கெடக்குற? நான் குரல் குடுக்குறேன், நீ மாத்து" என்றான். இரண்டு மாடிக்கான தெர்மோஸ்டாட்டையும் கீழ்க் கூடத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் பொருத்தினேன்.

அன்றே குரல் வந்தது. "டேய், கூட்டுடா." எங்கள் தொழிலில் கூட்டு என்றால் எண்ணைக் கூட்டுவது. கூட்டினேன். வியர்த்து வழிய இறங்கி வந்தவன், அண்ணியின் தம்பிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றி அடித்தான்.

"கூட்டுன்னா குளிரைக் கூட்டுடா. மெக்கானிக்காம் மெக்கானிக்கு. மூளையக் கழட்டி எந்த வீட்டுல மறந்து வச்சிட்டு வந்த?"

"விடுங்க, கொழுந்தனாருக்கு கேஸ் தீந்துபோச்சு" என்று அண்ணி சிரித்தாள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். அடுத்த நான்கு கோடைகளும் அவன் கூட்டச் சொன்னபோதெல்லாம் குறைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் மேலே போனேன். பெரிய ஸ்பானரால் அவனுடைய வலது முட்டியில் இரண்டு அடி. இடது முட்டியில் மூன்று. அது கொஞ்சம் வலுவாக இருந்தது. "டேய், நான் உன் அண்ணன்டா" என்றான். நான் மறுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கதவை வெளியே பூட்டினேன். ஜன்னல் இடுக்குகளைக் குளிர் வீணாகக்கூடாது என்று எப்போதோ நானே அடைத்திருந்தேன்.

குளிர்காலத்துக்காக அதே இயந்திரத்தில் சூடும் உண்டு. மேல் மாடியைச் சூட்டுக்கு மாற்றி, இருபத்தாறில் வைத்தேன். கூடமும் இருபத்தாறுதான். அதனால் மேலே குளிர் நின்றதே தவிர, சூடு வரவில்லை. இதை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு அவன் தரையைத் தட்டினான். "கூட்டுடா." அந்த வார்த்தைக்கு உள்ள அர்த்தப்படி ஒரு டிகிரி கூட்டினேன். மேலே சூடு ஊத ஆரம்பித்தது. கூடம் குளிர்ந்தே இருந்ததால் அது நிற்கவேயில்லை. அதையும் சேர்த்து ஆறு தடவை கத்தினான். ஆறு தடவையும் கூட்டினேன். முப்பத்திரண்டுக்கு மேல் எண் கிடையாது.

அதற்குப் பிறகு நெடுநேரம் வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அமைதி பிடிக்கும்.

"குறைடா" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அணைத்திருப்பேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. நாலரை மணிக்கு மேலிருந்து "கு" என்று ஒரு சத்தம் வந்தது. மீதி வரவில்லை. குறிலாகத்தான் கேட்டது. ஆனால் செத்துக்கொண்டிருப்பவனுக்கு நெடிலை இழுக்க மூச்சு ஏது?

கூட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.