எட்டோடு நிறுத்து

— பதறாதீங்க அண்ணே. மெஷின் திரையில என்ன வருதோ, அதை அப்படியே படிங்க.

— படிச்சேனே, சூசி. சாய ரெசிபியைக் கண்டுபிடிக்க முடியல, லிங்க் அதிகமா இருக்கு. அவ்வளவுதான் எழுதியிருக்கு.

— டேங்க்ல துணி இருக்கா?

— நானூறு கிலோ. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி, சூடு ஏத்தியாச்சு. அரை மணி நேரத்துல சாயம் இறங்கலன்னா திட்டுத் திட்டா போயிடும். போன மாசம் ஒரு தடவை அப்படி ஆகித்தான் வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. இன்னொண்ணு கெட்டுச்சுன்னா வேலை இல்லன்னு அதுலயே எழுதியிருக்கு.

— கையால அளந்து ஊத்த முடியாதா?

— முடியாது லா. ரெசிபியைப் படிச்சாதான் மெஷின் வால்வைத் திறக்கும்.

— அண்ணே, ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. லிங்க் அதிகமா இருக்குன்னு வருதுல்ல, அந்த வரி நான் எழுதினது.

— அலமாக். நீ ஜொகூர் பாரு ஆபீஸ்ல உக்காந்துகிட்டு இங்க பத்து பகாட் ஊர்ல என் மெஷினை நிறுத்துறியா?

— உங்க மெஷின்னு எனக்குத் தெரியுமா? நாங்க லைப்ரரின்னு ஒரு பொது ப்ரோக்ராம் எழுதுறோம். எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஃபைல் எங்க இருக்குனு தேடிக் குடுக்கும். மெஷின் வித்தவன் அதை வாங்கி உள்ள வச்சிருக்கான்.

— சரி, தேடிக் குடுக்க வேண்டியது ஏன் தேட மாட்டேங்குது?

— லிங்க்னா என்ன? உள்ள ஒண்ணும் இருக்காது, அங்க போய்ப் பாருன்னு கை காட்டும். அங்க போனா அதுவும் இன்னொரு இடத்தைக் காட்டும். ரெண்டு லிங்க் ஒண்ணை ஒண்ணு காட்டிக்கிச்சுன்னா சாகிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். போன வருஷம் ஒருத்தரோட சர்வர் அப்படித்தான் மூணு நாள் சுத்துச்சு. அதனால எட்டு தடவை போய்ப் பாரு, அதுக்கு மேல கேட்டா நின்னுடுன்னு போட்டேன்.

— எட்டுன்னு யார் சொன்னா?

— நான்தான். நாற்பது வைக்கலாம்னு கூட வேலை செய்றவங்க சொன்னாங்க. எட்டுக்கு மேல எவன் லிங்க் மேல லிங்க் வைப்பான்னு நான்தான் வாதம் பண்ணேன்.

— நாங்க வைப்போம்.

— ஏன் அண்ணே?

— எங்க சாயப்பட்டறை வழக்கம் அது. ரெசிபி எல்லாம் முதல் சாய மாஸ்டர் ராஜசேகரன் பேர்ல ஒரு ஃபோல்டர்ல இருக்கு. அவர் போன பிறகு ஆ செங் வந்தாரு. பெரியவரோட ஃபோல்டரைக் கலைக்க மனசு வரல, தன் பேர்ல ஒரு லிங்க் போட்டு அவரைக் காட்டிட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தர் மாஸ்டர் ஆகிற அன்னைக்கு, முன்னால இருந்தவரைக் காட்டி புதியவர் பேர்ல ஒரு லிங்க் விழும். மெஷினும் புதுப் பேர்லேர்ந்துதான் தேட ஆரம்பிக்கும்.

— இவ்வளவுதானே. நடுவுல இருக்கிறவங்களை விட்டுட்டு நேரா ராஜசேகரன் மாஸ்டரைக் காட்டுங்க. ஒரே தாவல்ல போயிடும், துணி தப்பிச்சிடும்.

— அது மட்டும் சொல்லாத. எனக்குத் தொழில் கத்துக் குடுத்த ஜெயபாலன் அண்ணனைத் தாண்டி நான் எப்படிப் போறது? இருபத்தாறு வருஷத்துல யாரும் யாரையும் தாண்டினதில்ல.

— மன்னிச்சிடுங்க. உங்க மாதிரி மனுஷங்களை நான் கணக்குல எடுக்கவே இல்ல. இன்னைக்கே நாற்பதா மாத்துறேன், ஆனா உங்க மெஷினுக்கு வந்து சேர ரெண்டு நாள் ஆகும்.

— ரெண்டு நாள்ல நான் வாசலுக்கு வெளிய நிப்பேன், சூசி. ரெண்டு புள்ளைங்க படிக்குது.

— இருங்க. அந்த எட்டு உள்ள அப்டேட்டை உங்க மெஷின்ல எப்ப போட்டாங்க?

— ஞாயித்துக்கிழமை.

— இன்னைக்கு புதன். திங்கள், செவ்வாய் மெஷின் ஓடுச்சா?

— நல்லா ஓடுச்சு.

— அப்ப எட்டு இருந்தும் ஓடியிருக்கு. மாஸ்டருங்க பேரைச் சொல்லுங்க, நான் எண்ணுறேன்.

— மனப்பாடம். ஆ செங், ஹாலிம், மதிவாணன், ஓங், செல்வா, ரோஸ்லான், ஜெயபாலன், கடைசியா கேப்ரியல், உன் அண்ணன்.

— சரியா எட்டு. எட்டு இருந்தா ஓடணும் அண்ணே. ஒன்பதாவது இருந்தாதான் நிக்கும். நேத்து நீங்க ஏதாவது தொட்டீங்களா?

— சத்தியமா இல்ல. அஞ்சு மணிக்கு கார்டு அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

— மனப்பாடமா சொல்லாதீங்க. திரையைப் பாத்து, மெஷின் எந்தப் பேர்லேர்ந்து ஆரம்பிக்குதுனு படிங்க.

— என் பேர்லேர்ந்துதான் ஆரம்பிக்கும். இரு, கண்ணாடி போட்டுக்கிறேன்.

— சொல்லுங்க.

— என் பேரு ரெண்டாவதா இருக்கு.

— முதல்ல யாரு?

— பிரேமலா. மூணு மாசமா என் பக்கத்துல நின்னு கலர் பாக்கக் கத்துக்கிற பொண்ணு. நல்லா வருவான்னு நான்தான் ஆபீஸ்ல சொன்னேன். நேத்து சாயந்தரம் ஆறே முக்காலுக்குப் போட்டிருக்காங்க, என் பேரைக் காட்டி.

— அண்ணே, அதுதான் ஒன்பதாவது.

— தெரியுது. துணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. போனை அந்தப் புள்ளைகிட்ட குடுக்கிறேன், என்னைத் தாண்டி நேரா ராஜசேகரன் மாஸ்டரைக் காட்டறது எப்படின்னு பொறுமையா சொல்லிக் குடு, மாஸ்டர் அவதான்.