ஹென்றியின் வாசலில் ஏழு தொட்டிகள்

என் பேச்சு எப்போது முடியும் என்று கைக்கடிகாரம் பார்த்தபடி தலைமையேற்றிருக்கும் பெருந்தகை பேரின்பநாதன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பொங்கிப் படைத்துப் பரிமாறிப் பசியாற்றிய தாய்மாரே, இந்தக் குளிர்நாட்டு ரொக்ஸ்பரோவில் என்னோடு ஒரே தெருவில் வாழும் அயலவரே, உங்கள் அனைவருக்கும் அருமைராசாவின் அன்பு வணக்கம்.

பண்பாடு என்று தலைப்புத் தந்தார்கள். நான் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரம்தான்.

எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. நகரசபை நம்மிடம் கேட்பது என்ன? தொட்டி அவரவர் வீட்டின் முன்னால் நிற்க வேண்டும், உருளும் சில்லு வீட்டைப் பார்க்க வேண்டும், நடைபாதையை மறிக்கக் கூடாது. மூன்று மொழி பேசும் நமக்கு இந்த மூன்று விதி விளங்காதா? விளங்கியது. ஆனால் வெள்ளிக்கிழமை அதுவுமாக, விளக்கேற்றிய வாசலில் குப்பை நிற்கலாமா? இலட்சுமி வரும் வழியில் ஊத்தை நிற்கலாமா? கூடாது என்று ஆளுக்கொரு தொட்டியை உருட்டினோம். எங்கே உருட்டினோம்? தெருமுனையில் தனியாக இருக்கும் ஹென்றியின் வாசலுக்கு. ஹென்றி வேதக்காரர், யேசுவைக் கும்பிடுபவர். அவருக்கு வெள்ளிக்கிழமை இல்லையாம்.

இருந்தது, அவையோரே. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோன அந்த மனிதருக்கு வெள்ளிக்கிழமை இரத்தம் சுத்திகரிக்கும் நாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக விடிய ஏழு மணிக்கு வான் வண்டி வரும். போன மாதம், பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, நடக்க உதவும் வாக்கரைப் பிடித்தபடி வந்தவரின் முன்னால் ஏழு தொட்டிகள் நின்றன. வழி தேடினார், வழியில்லை. இரண்டு தொட்டிகளுக்கு நடுவால் நுழைந்தார். வாக்கர் சிக்கியது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

பின்வரிசையிலிருந்து வினோஜன் கேட்கிறார், “அண்ணை, அவர் பனியிலதானே சறுக்கினவர்?” ஓம் தம்பி, பனிதான். பனிக்கு வாயில்லை, எந்தப் பழியையும் ஏற்றுக்கொள்ளும்.

நானும் நல்லவன் போலத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். “ஆர் வைச்சதெண்டு தெரியாது எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான்,” என்றார் ஹென்றி. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “விழுந்து கிடக்கேக்க எனக்கு நேர நிண்டது நாப்பத்திரண்டு, அண்ணை,” என்றார்.

நாற்பத்திரண்டு என் வீட்டு இலக்கம். வெள்ளைப் பெயின்றால் அந்தத் தொட்டியில் நானே அழகாக எழுதியது. வெட்கத்தில் அன்று தலை குனிந்தவன், இன்னும் நிமிரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஹென்றி வீடு திரும்புகிறார். அவர் தடையில்லாமல் போய்வர வழி இல்லையென்றால், முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டில் வாழ்வதா, யாரோ ஒருவரின் கட்டிலில் முடிவதா? தீர்மானிக்கப்போவது வைத்தியமா, நம் தொட்டியா?

என் தொட்டி என் வாசலில், விளக்குக்கு நேரே நிற்கும். அதைக் கண்டு இலட்சுமி திரும்பிப் போனால் போகட்டும். மற்ற ஆறு இலக்கங்களை ஹென்றி எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அந்த ஆறு வீட்டாரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கு இன்னும் நன்றி. வெள்ளிக்கிழமை அவரவர் வாசலில் சந்திப்போம். வணக்கம்.