அஞ்சாம் மாடிப் பல்வலி

நேசம்: ஆரது சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறது… லிங்கம்தானே?

லிங்கம்: ஐயோ, நேசண்ணை! நான்… நான் சும்மா… பல்லுக்கு வந்தனான்.

நேசம்: பல்லுக்கோ?

லிங்கம்: ஓம். இந்தா, இடப்பக்கத்துக் கதவு. பல்லு டாக்குத்தர். பதியாமல் வந்தாலும் பாப்பினமாம். உங்களுக்கு இந்த அஞ்சாம் மாடியில என்ன அலுவல்?

நேசம்: எனக்கும்… பல்லுத்தான்.

லிங்கம்: உங்களுக்குமோ? எந்தப் பக்கம்?

நேசம்: உனக்கு எந்தப் பக்கம்?

லிங்கம்: இடது… இல்லை, வலது.

நேசம்: எனக்கு நடுவில.

லிங்கம்: பல்லுக் காட்டுறதுக்கு டையும் கட்டிக்கொண்டோ வந்தனீங்கள்?

நேசம்: டாக்குத்தருக்கு ஒரு மரியாதை வேண்டாமே? நீ மட்டும் என்னவாம்… கலியாண வீட்டுச் சேட்டும் பவுடரும்.

லிங்கம்: என்ர மனிசி கமலாவதி பூசி விட்டவள்.

நேசம்: பல்லுக்கோ?

லிங்கம்: …அண்ணை, அந்தப் பைக்குள்ள என்ன?

நேசம்: இடியப்பம்.

லிங்கம்: சதுரமாக் கிடக்கு.

நேசம்: பெட்டியில போட்டது. நீ இடியப்பத்தை விடு. இண்டைக்கு வேலைக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீ?

லிங்கம்: பல்லெண்டுதான். நீங்கள்?

நேசம்: நானும் பல்லெண்டுதான். டவுன்டவுனில ஒரு சாப்பாட்டுக்கடை, கோப்பை கழுவ இருக்கிறதே நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே நாளில பல்லு. முதலாளி நம்பினமாதிரித்தான்.

லிங்கம்: அண்ணை… உந்த வலப்பக்கத்துக் கதவு என்ன கந்தோர்?

நேசம்: ஆருக்குத் தெரியும்?

லிங்கம்: பிரெஞ்சுச் சோதினை வைக்கிற இடம் போல. கியூபெக்கில கணக்காளர் லைசன்ஸ் எடுக்கிறதெண்டால் அதில பாஸ் பண்ணோணுமாம். நான் சும்மா, கதவில ஒட்டியிருக்கிறதை வாசிச்சுப் பாத்தன்.

நேசம்: பிரெஞ்சில எழுதினதை நீ வாசிச்சனியோ?

லிங்கம்: எழுத்துக் கூட்டித்தான்…

நேசம்: கெட்டிக்காரன். மூண்டு மாசத்துக்கு முன்னம் ஜான்-டலோன் சந்தையில எங்கட ஆக்கள் இத்தனை பேருக்கு முன்னால நான் என்ன சொன்னனான்?

லிங்கம்: "கொழும்பில பன்னிரண்டு வருசம் கணக்காளனா இருந்தவன் நான். கோப்பை கழுவினாலும் கழுவுவன், பிரெஞ்சுச் சோதினைக்குப் போகமாட்டன். போறவன் மானங்கெட்டவன்" எண்டு.

நேசம்: அதுக்கு நீ?

லிங்கம்: நானும்தான் எண்டனான்.

நேசம்: எண்டது மட்டுமோ? கையில இருந்த கத்தரிக்காயில அடிச்செல்லோ சத்தியம் பண்ணினாய்.

லிங்கம்: அது நீங்கள் வாங்கின கத்தரிக்காய் அண்ணை.

நேசம்: ஆற்றையாய் இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான். ஏன்ரா, பிரெஞ்சு வேண்டாமெண்டால் ஒண்டாரியோவுக்குப் போகலாமே. அங்க கேக்கமாட்டாங்கள்.

லிங்கம்: அங்க ரெண்டு வருசம் ஆரும் லைசன்ஸ்காரனுக்குக் கீழ வேலை செய்யோணுமாம். லைசன்ஸ் இல்லாதவனை அவங்கள் வேலைக்கு எடுக்கமாட்டாங்கள். வேலை இல்லாதவனுக்கு இவங்கள் லைசன்ஸ் குடுக்கமாட்டாங்கள்.

நேசம்: லைசன்ஸ் காசும் இஞ்சத்தையை விட இரட்டிப்பெண்டு கேள்வி. அப்ப மேற்கால போ. அங்க ஒரு மாகாணத்தில அரைவாசிக் காசுதானாம்.

லிங்கம்: எழுதிப் பாத்தனான். என்ர சான்றிதழ் யாழ்ப்பாணத்துக் கந்தோரில இருந்து சீல் வைச்சு நேர வரோணுமெண்டாங்கள். அந்தக் கந்தோர் எரிஞ்சு போச்செண்டு திருப்பி எழுதினன்.

நேசம்: என்ன மறுமொழி?

லிங்கம்: எரிஞ்சு போச்செண்டு அந்தக் கந்தோரிட்டையே சீல் வைச்ச கடிதம் வாங்கி அனுப்பட்டாம்.

நேசம்: அது பரவாயில்லை. எனக்கு வந்த கடிதத்தைக் கேள். வேறையொரு மாகாணம். என்னை அஞ்சு வருசமாத் தெரிஞ்ச மூண்டு பேர், இவன் நல்லவன் எண்டு கையெழுத்து வைக்கோணும். மூண்டு பேரும் அந்த மாகாணத்திலையே குடியிருக்கோணும்.

லிங்கம்: நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தே மூண்டு வருசம்.

நேசம்: அதைத்தான் எழுதினன். அப்பிடியெண்டால் ரெண்டு வருசத்தால திரும்ப எழுதட்டாம்.

லிங்கம்: அங்க உங்களை ஆருக்கண்ணை தெரியும்?

நேசம்: அந்தக் கந்தோருக்குத்தான். பதினொரு கடிதம் போட்டிட்டன்.

லிங்கம்: எனக்கு விளங்கேல்லை அண்ணை. அஞ்சும் அஞ்சும் பத்து. மாகாண எல்லை ஆத்துக்கு இங்கால நிண்டு பத்தெண்டு சொல்ல ஒரு லைசன்ஸ். பாலத்தைக் கடந்து அங்கால போய் அதே பத்தைச் சொல்ல வேறை லைசன்ஸ்.

நேசம்: பாலத்தில நிக்கேக்க ஆரும் கேட்டால்?

லிங்கம்: வாயை மூடிக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

நேசம்: ஹா… ஆ!

லிங்கம்: என்ன, பல்லோ?

நேசம்: எது? ஓம் ஓம்… பல்லு. சரி, என்ன இருந்தாலும் நீ இளம் ஆள். டொரொன்டோவில போய்ப் பாக்கலாம்தானே?

லிங்கம்: எனக்கு எங்கயும் அசையேலாது அண்ணை. கமலாவதிக்கு இஞ்ச தையல் ஃபக்டரி வேலை. சின்னவள் கார்டெரிக்கு, அதுதான் குழந்தைப் பள்ளிக்குப் போறாள். தகப்பன் கணக்காளர் எண்டு அங்க டீச்சருக்குச் சொல்லி வைச்சிருக்கிறாள். போன கிழமை டீச்சர் என்னைக் கண்டிட்டு, விரலெல்லாம் ஏன் ஊறிப்போய்க் கிடக்கெண்டு கேக்கிறா.

நேசம்: நீ என்ன சொன்னனீ?

லிங்கம்: கணக்குப் பாத்துப் பாத்து வந்ததெண்டன்.

நேசம்: …செயின்ட்-மிஷேலில ஒரு இத்தாலியன் கணக்குக் கந்தோர் வைச்சிருக்கிறானாம். எங்கட ஆக்களின்ர வரி அலுவல் பாக்க ஒரு தமிழ் ஆள் வேணுமாம்.

லிங்கம்: அப்பிடியோ… நான் கேள்விப்படேல்லை.

நேசம்: பிரெஞ்சுச் சோதினை பாஸ் பண்ணினவனாம்.

லிங்கம்: ஒராள்தானாம்.

நேசம்: கேள்விப்படேல்லை எண்டனீ?

லிங்கம்: இப்ப… காத்துவாக்கில. அது உங்களுக்கெண்டே வந்த வேலை அண்ணை. பன்னிரண்டு வருசம் செய்தனீங்கள். நான் வெறும் மூண்டு வருசம்.

நேசம்: பொறு, பொறு. பல்லுக் கதவு திறக்குது. அந்தப் பிள்ளை என்ன கேக்குது?

லிங்கம்: அடுத்தது ஆரெண்டு கேக்குது.

நேசம்: பல்லு நோகுதெண்டு நீதானே முதல் வந்தனீ.

லிங்கம்: ஓம்… போகத்தானே வேணும்… போறன்.

நேசம்: ஏய்! எழும்பாதை, இரு. மூத்தவன் நான் இருக்க நீ எப்பிடி முதல் போவாய்?

லிங்கம்: உங்களுக்கு நோவு கூடவோ?

நேசம்: வயசு கூட. இந்தப் பையைப் பிடி. திறக்காதை. இடியப்பம் காஞ்சு போகும்.

லிங்கம்: அண்ணை… நேசண்ணை… உள்ளுக்குப் போயிட்டார்.

லிங்கம்: …என்னண்ணை, கால்மணித்தியாலத்தில வெளியில வந்திட்டியள்? ஏன் கன்னத்தைப் பொத்துறியள்?

நேசம்: பிடுங்கிப்போட்டான்.

லிங்கம்: எதை?

நேசம்: பல்லைத்தான். பின்னை டையையோ?

லிங்கம்: சூத்தைப் பல்லோ?

நேசம்: முத்துப் போல பல்லு. ஒவ்வொண்டாத் தட்டித் தட்டி என்னவோ கேட்டான். நான் எல்லாத்துக்கும் "வி, வி" எண்டு ஓம் சொல்லிக்கொண்டு வந்தன். நாலாவது "வி"யோட குறடு வாய்க்குள்ள வந்திட்டுது.

லிங்கம்: வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு என்ன?

நேசம்: வெள்ளைக்கோட்டுப் போட்ட படிச்ச மனிசன், அவ்வளவு அன்பாக் கேக்கிறான். முகத்துக்கு நேர மாட்டனெண்டு சொல்லலாமே? ரெண்டு ஊசி. நாக்கு எந்தப் பக்கம் கிடக்கெண்டே தெரியேல்லை… அந்தா, அடுத்தது நீ வரட்டாம். கூப்பிடுது.

லிங்கம்: அண்ணை… எனக்குப் பல்லு நோகேல்லை.

நேசம்: அப்பிடியோ.

லிங்கம்: நான் மற்றக் கதவுக்கு வந்தனான். பத்து மணிக்குச் சோதினை. முதல் எழுத்து, பேந்து வாய்மொழி. ரெண்டு மாசமா மெட்ரோவில ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சனான். சத்தியமும் பண்ணிப்போட்டு, உங்கட வேலையையும் பறிக்கப் பாத்தனான். வெக்கமாக் கிடக்கண்ணை.

நேசம்: முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைச்சிருக்கிறாய்.

லிங்கம்: நீங்களும் அதுக்குத்தானே வந்தனீங்கள்? டையைக் கண்டவுடன எனக்கு விளங்கிற்றுது. இப்ப வாய் மரத்துப்போய் என்னெண்டு வாய்மொழி செய்வியள்? நீங்கள் செய்யாத சோதினை எனக்கும் வேண்டாம். எழும்புங்கோ, வேலைக்குப் போவம்.

நேசம்: விசர்க்கதை கதையாதை. இரு. அங்க, வலப்பக்கக் கதவு திறக்குது. ஆரைக் கூப்பிடுறா?

லிங்கம்: தியாகலிங்கம் எண்டு… என்னைத்தான். உங்கட பேரைக் கூப்பிடேல்லையே?

நேசம்: கூப்பிடமாட்டா. நான் மூண்டுதரம் எழுதி மூண்டுதரமும் விழுந்திட்டன். பேந்துதான் சந்தையில நிண்டு அந்த வீரப்பேச்சு. எட்டாத பழம் புளிச்சுப்போச்சு.

லிங்கம்: அண்ணை!

நேசம்: வாற கிழமை நான் பிரெஞ்சு கேக்காத டொரொன்டோவுக்குப் பஸ் ஏறுறன். இத்தாலியனிட்டை உன்ர பேரைத்தான் சொல்லி வைச்சிருக்கிறன். அந்தப் பையைத் திற.

லிங்கம்: இது… என்ர பிரெஞ்சு டிக்சனரி! சின்னவள் கிறுக்கின மட்டை…

நேசம்: மேசையில மறந்துபோட்டுப் போயிட்டாரெண்டு கமலாவதி காலமை ரெலிபோன் எடுத்தவள். டையும் இல்லை, கட்டவும் தெரியாதெண்டவள். அதுதான் என்ர கழுத்திலையே முடிச்சுப் போட்டுக் கொண்டந்தனான். குனி… ம்ம். இனிச் சரி.

லிங்கம்: வந்தவுடன தந்திட்டுப் போயிருக்கலாமே…

நேசம்: நீ பல்லெண்டாய். உண்மை எனக்குத் தெரியுமெண்டு கண்டால் வெக்கத்தில ஓடியிருப்பாய். நானும் பல்லெண்டன். போ, அவ பாத்துக்கொண்டு நிக்கிறா. விளங்காத கேள்விக்கு மட்டும் "வி" எண்டு சொல்லிப்போடாதை.

லிங்கம்: போறன்… ஆனால் அண்ணை, நோகாத பல்லை ஏன் குடுத்தனீங்கள்? நான்தானே முதல் எழும்பினனான்…

நேசம்: அதாலதானடா. நீ உள்ளுக்குப் போயிருந்தால் இப்ப உன்ர வாயெல்லோ மரத்திருக்கும்.